முதல் சால்

செஞ்சியில் செட்டிக்குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிறிஸ்தவத் தெருவில் போய்ப் பிலவேந்திரன் வீடு எது என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால், எந்தப் பிலவேந்திரன் என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். ஸ்தோத்திரக்காரன் வீடு எது என்று கேட்டிருந்தால் இடுப்பில் இருக்கிற குழந்தைகூடக் கையை நீட்டியிருக்கும்.

பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடியில் காய் பிடித்தால் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்பான். சரி, அது எல்லோரும் சொல்வதுதான். காய்க்குப் பதிலாகப் பூச்சி பிடித்தாலும் அதையே சொல்வான். ஒரு தரம் வல்லத்துச் சந்தையில் வாங்கி வந்த காளை, வீடு வந்து சேர்வதற்குள் காலை மடக்கிக்கொண்டு படுத்துவிட்டது. வழியில் போனவர்கள் எல்லாம் நின்று விற்றவனைத் திட்டினார்கள். வாங்கினவன் மட்டும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காளைக்குப் பக்கத்தில் நின்று ஸ்தோத்திரம் சொன்னான்.

"தேளு கொட்டிடுச்சாமே, அதுக்கும் தோத்திரம் சொன்னியா?" என்று கேலி செய்வார்கள்.

"சொன்னேன். பாம்பா இல்லாம போச்சே" என்பான் அவன், வீங்கின காலைத் தேய்த்தபடி.

தன் வீட்டுத் தேளுக்கு ஸ்தோத்திரம் சொல்வது அவனவன் இஷ்டம். அதில் யாருக்கும் வருத்தமில்லை. அடுத்த வீட்டில் விழுந்த இடிக்கும் அவன் அதையே சொல்லச் சொன்னதுதான் வில்லங்கம். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போவான், பாடை கட்டுவான், குழி வெட்டுவான். ஒத்தாசையில் குறை சொல்ல முடியாது. ஆனால் தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்த்து, "அழுவாதீங்க, தோத்திரம் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவான். வயிறெரிந்து கிடப்பவர்கள் அவன் முகத்துக்காக முணுமுணுத்துவிட்டு, அவன் போனபிறகு மிச்ச அழுகையை அழுவார்கள். மனுஷன் நல்லவன்தான், ஆனால் நல்லவர்களிடமும் பொறுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

இதே பிலவேந்திரன் பின்னாளில் துக்க வீட்டுக்குப் போனால் வாயே திறக்க மாட்டான். விறகு உடைத்துப் போடுவான், தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான், அந்த வீட்டு அடுப்பில் திரும்ப நெருப்பு எரியும் வரைக்கும் மூலையில் உட்கார்ந்திருப்பான். அவர்களாகக் கேட்டால் மட்டும் மெதுவாகச் சொல்லிக் கொடுப்பான். இரண்டும் ஒரே ஆள்தானா என்று இளவட்டங்களுக்குச் சந்தேகம் வரும். ஒரே ஆள்தான். நடுவில் ஒரு பங்குனி மாசம் வந்து போயிருந்தது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக ஓடிவந்தார்களே, அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்த பங்குனி அது. மண்ணெண்ணெய் கிடையாது, அரிசி அளந்து கொடுக்கிறார்கள், கொடுக்கிற அரிசியிலும் பாதி கல். நிலம் இருக்கிறவன் தன் வயிற்றுக்குத் தானே விளைத்துக்கொண்டால்தான் உண்டு என்று இருந்தது. பிலவேந்திரனுக்கு இருந்தது ராஜகிரி மலையின் அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம். அதற்கு ஒட்டினாற்போல் துரைக்கண்ணுவின் நிலம். இரண்டுக்கும் நடுவில் பொதுக்கிணறு ஒன்று, அதன் மேல் பொது ஏற்றம் ஒன்று. இரண்டு பேரும் மாசியில் கேழ்வரகு நட்டிருந்தார்கள். அது விளைந்தால் இரண்டு குடும்பமும் அடுத்த அறுப்பு வரை கூழாவது குடிக்கும். விளையாவிட்டால் அந்தக் கல் அரிசிதான் கதி.

துரைக்கண்ணு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவர், பிலவேந்திரன் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவன். இரண்டு பேருடைய அப்பன்மாரும் சேர்ந்து வெட்டின கிணறு அது. ஒருநாள் அவன் வயலுக்கும் மறுநாள் இவர் வயலுக்கும் தண்ணீர் போகும். யார் வயலுக்குப் போனாலும் வேலை பிரித்தது பிரித்ததுதான். துரைக்கண்ணு மேலே துலா மரத்தில் நடப்பார். அவர் முன்னால் நடந்தால் துலா தாழ்ந்து, அதன் நுனியில் கட்டின மூங்கில் கோல், சால் என்கிற இரும்பு வாளியைக் கிணற்றுக்குள் இறக்கும். பின்னால் நடந்தால் நிறைந்த சால் மேலே வரும். பிலவேந்திரன் கிணற்று மேட்டில் நின்று கோலைப் பிடித்து, சாலை வாய்க்காலில் கவிழ்த்தபடி பாடுவான்.

பாட்டு என்பது பொழுதுபோக்குக்கு இல்லை. மேலே நடக்கிறவர் கீழே குனிந்து பார்க்க முடியாது, பார்த்தால் விழுந்துவிடுவார். பாட்டின் முதல் பாதிக்கு முன்னால் நடக்க வேண்டும், பாட்டு நின்றால் அவரும் நிற்க வேண்டும், பின்பாதி தொடங்கினால் பின்னால் நடக்க வேண்டும். எத்தனையாவது சால் என்கிற கணக்கும் பாட்டுக்குள்ளேயே வரும். அந்தக் கணக்கில் ஒன்று என்ற எண் கிடையாது. நெல் அளக்கிறபோது முதல் மரக்காலை லாபம் என்று சொல்லிவிட்டு இரண்டிலிருந்து எண்ணுவார்கள் அல்லவா, அதுபோலத்தான். முதல் சால் சாமிக்கு. அதற்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, அடுத்த சாலை ரெண்டு என்று தொடங்க வேண்டும். பிலவேந்திரன் பாடுகிற முதல் சால் இப்படி இருக்கும்:

"தண்ணி தந்த சாமிக்கே… தோத்திரமே தோத்திரம்."

எந்தச் சாமி என்று அவன் சொல்வதில்லை, துரைக்கண்ணுவும் கேட்டதில்லை. "நீ உன் சாமிய நெனச்சிக்க, நான் என் சாமிய நெனச்சிக்கிறேன். தண்ணி ஒண்ணுதான்" என்று அவர் எப்போதோ முடிவு சொல்லியாகிவிட்டது.

இன்னும் ஒன்று உண்டு. கிணற்று மேட்டில் நிற்கிறவனுக்கு வயலின் கடைசியில் இருக்கிற மடை சரியாகத் தெரியாது, நடுவில் ஒரு பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. மடையைத் திறந்தாயிற்றா, ஆள் நிற்கிறதா என்று தெரியாமல் இறைத்தால் தண்ணீர் கண்ட இடத்தில் பாயும். அதனால் முதல் சாலின் பாட்டுக்கு மடையில் நிற்கிறவர்கள் பதில் கொடுக்க வேண்டும். துரைக்கண்ணு வயல் என்றால் அவர் சம்சாரம் கமலாம்பாள், "கும்புடுறேன் சாமி" என்று கத்துவாள். பிலவேந்திரன் வயலில் முன்பெல்லாம் நின்றவள் அவன் மனைவி ராயம்மாள். அவள் வாய்விட்டுப் பதில் சொன்னதே இல்லை. மண்வெட்டியைத் திருப்பிக் கல்லில் ஒரு தட்டு தட்டுவாள். டங் என்று கேட்கும். பெண்பிள்ளை, வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அவனும் அதை விட்டுவிட்டான்.

மகள் ஆரோக்கியம் மண்வெட்டி தூக்குகிற வயசுக்கு வந்ததும் மடை அவள் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு டங் சத்தம் இல்லை. அவள் பதில் கொடுத்தால் மலைமேல் இருக்கிற கோட்டை மதிலில் பட்டு இன்னொரு தரம் திரும்பி வரும். "தோத்திரம் நைனா" என்பாள். ஸ்தோத்திரம் ஆண்டவருக்குச் சொல்ல வேண்டியது, நடுவில் நைனாவை ஏன் இழுக்கிறாய் என்று அவன் பலமுறை கண்டித்திருக்கிறான். மறுநாளும் அவள் அப்படித்தான் சொல்வாள். உண்மையைச் சொன்னால் அதைக் கேட்பதற்காகவே அவன் ஏற்றத்துக்குச் சீக்கிரம் கிளம்புவான்.

வல்லத்தில் ஒரு நல்ல குடும்பத்தில் அவளுக்குப் பேசி முடித்திருந்தார்கள். நாற்பது நாள் தபசு காலம் கழிந்து ஈஸ்டர் எனும் பாஸ்கு வந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துக் கல்யாணம் என்று ஏற்பாடு. அந்தத் தபசு காலத்தின் நடுவில்தான் ஊரில் வாந்தி பேதி கண்டது. முதலில் குளத்தங்கரையில் இரண்டு பேர், அப்புறம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆரோக்கியம் காலையில் மடைக்கு வந்து, பதில் கொடுத்து, பாத்தி கட்டிவிட்டு வீட்டுக்குப் போனவள், மத்தியானம் வாந்தி எடுத்தாள். பொழுது சாய்வதற்குள் கன்னம் ஒட்டிப்போய் வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டாள். கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் உயிர் போய்விட்டது.

பேதிச் சாவுக்கு யார் வருவார்கள்? அவன் எத்தனையோ பேருக்குக் குழி வெட்டினவன், அவன் வீட்டுக்குழிக்கு ஆள் சேர்க்கவே பாடாகிவிட்டது. பெட்டியின் ஒரு மூலையைத் துரைக்கண்ணு தூக்கினார். கல்லறையில், சாமியாருக்கு உதவியாக இருக்கிற கோயில்பிள்ளை செபம் படித்து முடித்ததும், வந்திருந்த சிலபேரும் பிலவேந்திரனின் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் பார்க்கவில்லை, பழக்கத்தில் பார்த்தார்கள். பிலவேந்திரன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கை மண்ணை எடுத்தான், போட்டான், திரும்பி நடந்தான்.

மூன்றாம் நாள் செபம் முடிந்தபிறகு துரைக்கண்ணு வாசலில் வந்து நின்றார்.

"பிலவேந்திரா, கூப்பிடக் கூடாதுதான். ஏத்தம் நின்னுபோயி கெடக்குது. உன் கேவுரு, என் கேவுரு ரெண்டும் காலையிலியே சுருண்டுக்குது. கூலிக்கு ஆளு கூப்பிட்டா பேதிக்குப் பயந்துகினு எவனும் வரமாட்டங்கறான்."

"வரேன்ணே" என்று எழுந்தான் பிலவேந்திரன். அவனுக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ராயம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த வீட்டு அடுப்பு அன்றுவரை பற்றவைக்கப்படவில்லை, கமலாம்பாள் கொண்டுவந்து வைத்த கூழ் மூடின தட்டோடு அப்படியே இருந்தது.

அன்று அவன் வயலின் முறை. கமலாம்பாள் தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனாள். துரைக்கண்ணு துலாவில் ஏறினார். பிலவேந்திரன் கோலைப் பிடித்தான், வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை. வாயைத் திறந்ததுமே காது முந்திக்கொண்டு அந்தப் பதிலுக்குத் தயாராகிவிட்டது. பாறைக்கு அப்பால் இருந்து "தோத்திரம் நைனா" என்று வரும் என்று அது காத்துக்கொண்டிருந்தது. வராது என்று அவனுக்குத் தெரியும், காதுக்குத் தெரியவில்லை. அதோடு கூடவே கோபமும் வந்தது. எதுக்குத் தோத்திரம் என்று ஒரு கேள்வி தொண்டையில் நின்றது. ஊரில் அத்தனை பேரையும் சொல்ல வைத்தவன், அந்தக் கேள்வி அவர்கள் தொண்டையிலும் நின்றிருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

"ஒன்னு" என்றான்.

துரைக்கண்ணு நகரவில்லை. "இன்னா சொன்ன?"

"ஒன்னுன்னேன். மிதிண்ணே."

"ஒன்னா? எங்கப்பன் மிதிச்ச நாளுலேர்ந்து இந்தக் கெணத்துல ஒன்னு கெடையாதுடா. சாமிய சொல்லு, ரெண்டுலேர்ந்து எண்ணு."

"எண்ணுதான வேணும்? எண்ணுறேன். சாமிக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒன்னும் இல்ல."

"அப்ப எனக்கும் மிதிக்கிறதுக்குக் காலு இல்ல."

பயிர் இரண்டு பேர் கண்ணிலும் பட்டது. துரைக்கண்ணுதான் இறங்கி வந்தார். சரி, பேச்சே வேண்டாம், சும்மா மிதித்துப் பார்ப்போம் என்றார். பார்த்தார்கள். முதல் தடவை சால் தண்ணீரில் முங்குவதற்குள் அவர் பின்னால் நடந்துவிட்டார், அரைச் சால்தான் வந்தது. அடுத்ததில் பிலவேந்திரன் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முன்னால் வந்துவிட்டார். கோல் அவன் உள்ளங்கையைச் சீவிக்கொண்டு உள்ளே ஓடியது, சால் கிணற்றுக் கல்லில் மோதியது, மேலே துரைக்கண்ணு தடுமாறித் துலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். அவர் இறங்கி வந்தபோது முழங்கால் இரண்டும் சிராய்த்திருந்தன.

"ஊமை ஏத்தம் மிதிச்சி சாவறதுக்கு நான் ஆளில்ல" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவருடைய முறை. அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. பாட்டைத் தானே பாடிவிடுவதாகச் சொன்னார். பிலவேந்திரன் கோலை மட்டும் பிடித்தால் போதும். துலாவில் ஏறிப் பிள்ளையாரைக் கூப்பிட்டு ஆரம்பித்தார். மிதிக்கிறவனுக்கு மூச்சு காலுக்கே சரியாகப் போய்விடும், பாட்டுக்கு எங்கே மிச்சம்? பாட்டு ஒருபக்கம் இழுத்தது, கால் ஒருபக்கம் இழுத்தது. பத்துச் சால் ஆவதற்குள் பிள்ளையார் பேர் பாதிதான் வந்தது, மீதி இருமலாக வந்தது. மடையில் நின்ற கமலாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கவீட்டுக்காரன் காதில் விழக் கூடாதென்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். வந்த தண்ணீரை வாய்க்காலே குடித்துவிட்டது. பாத்திக்கு ஒரு சொட்டுப் போகவில்லை.

அன்று திரும்பும்போது பிலவேந்திரன் தன் வயலில் இறங்கிப் பார்த்தான். மேட்டுப் பாத்திகளில் பயிரின் நுனி காய்ந்து, தொட்டால் பொடிந்தது. ஆரோக்கியம் கடைசியாகக் கட்டின வரப்பு மட்டும் அப்படியே இருந்தது, ஓரத்தில் அவள் காலடி வெயிலில் காய்ந்து இறுகிப்போயிருந்தது. இன்னும் இரண்டொரு நாள் இப்படியே விட்டால் உழுது போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. துரைக்கண்ணுவின் பயிரும் அதோடு போகும். அவர் வீட்டில் கூழுக்குக் காத்திருக்கிற வாய் அதிகம்.

வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கைப் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கும் பாட்டு கேக்கலியே" என்றாள் ராயம்மாள். படுத்த இடத்திலிருந்தே கேட்டாள். மகள் போனபிறகு அவள் பேசின முதல் பேச்சு அதுதான்.

"வாயி வரல ராயம்மா."

அவனாகத்தான் பேசினான். "பொய்யா எப்படிச் சொல்றது? மனசுல ஒன்னுமே இல்ல. கல்லாட்டம் கெடக்குது. அப்படியே சொன்னா அது சாமிய ஏமாத்துறது இல்லியா?"

ராயம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். கலைந்த தலையை முடிந்துகொண்டாள்.

"மூத்தவன் செத்தானே, ஞாபகம் இருக்குதா?"

அவனுக்கு இருந்தது. ஆரோக்கியத்துக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளை. தவழ ஆரம்பிப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது.

"தூளியிலேர்ந்து கொழந்தைய எடுத்துட்டாங்க. தூளி இன்னும் ஆடிக்கினு இருக்குது. நீ எங்கிட்ட வந்து, அழுவாத, தோத்திரம் சொல்லுன்ன. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சிப் பாத்தியா?"

"நீ சொன்னியே."

"சொன்னேன். மனசுல உன்னியும் திட்டினேன், உன் சாமியயும் திட்டினேன். திட்டிக்கினேதான் சொன்னேன். வாயி மட்டும் சொல்லிச்சு." அவள் முந்தானையை மார்பின்மேல் இழுத்துக்கொண்டாள். "எனக்குப் பாலு கட்டிப்போயி மாரு கல்லாட்டம் இருந்துச்சு. அத்தப் பீச்சி விடக்கூட எந்திரிக்க முடியல. படுத்தே கெடந்தா சாவலாம்னு கெடந்தேன். அந்தத் தோத்திரத்த சொன்னதும் எந்திரிச்சேன். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. எந்திரிச்சிப் போயி, கொல்லையில பாலப் பீச்சி விட்டுட்டு, அடுப்பப் பத்தவச்சேன். உன்மேல இருந்த கோவம் மட்டும் போவல. அதுக்கோசரந்தான் மடையில நின்னு ஒருநாளும் பதிலு சொன்னதில்ல. மம்மட்டியால தட்டினேன்."

பிலவேந்திரன் அவளைப் பார்த்தான். வெட்கம் என்று தான் நினைத்துக்கொண்டிருந்தது இத்தனை வருஷக் கோபம் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. அவனுக்கு அதுவும் வாயில் வரவில்லை.

"மனசு இல்லாம சொன்னா பொய்யில்லியான்னு கேட்டியே. பொய்யின்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் கேட்டுக்கினாரு. மனசு பின்னால வந்துச்சு. எப்ப வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. ஆரோக்கியம் பொறந்தப்ப பாத்தா, வந்திருந்துச்சு." மகளின் பேரைச் சொன்னதும் அவள் குரல் உடைந்தது. அழுதாள். அவனும் அழுதான். அழாதே என்று இந்த முறை அவன் அவளிடம் சொல்லவில்லை.

அழுது முடித்து அவள் எழுந்தாள். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தாள். மகள் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருந்த பிடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"அவரு வீட்டுப் பயிரும் நம்மளால காயுது. வாய்யா."

துரைக்கண்ணு தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மண்வெட்டியோடு ராயம்மாள் முன்னாலும், பிலவேந்திரன் பின்னாலும் போவதைப் பார்த்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது, மலையின் நிழல் கிணறு வரைக்கும் வந்திருந்தது. அவர் துலாவில் ஏறி, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். ராயம்மாள் வரப்பு வழியே போய்ப் பாறைக்கு அப்பால் மறைந்தாள்.

பிலவேந்திரன் புண்ணான கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கோலைப் பிடித்தான். தொண்டையில் அதே கேள்வி நின்றது. அது போகவில்லை. அதை விழுங்கப் பார்த்தான், அதுவும் முடியவில்லை. கடைசியில் அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வாயைத் திறந்தான்.

"தண்ணி தந்த சாமிக்கே…"

குரல் அவனுடையதாகவே இல்லை. துரைக்கண்ணு முன்னால் நடந்தார். சால் உள்ளே போய்த் தண்ணீரைத் தொட்டு முங்கியது. பாட்டு அங்கே நிற்க வேண்டும், நின்றது. மறுபாதி வர வேண்டிய இடத்தில் அவனுக்கு மூச்சு முட்டியது. துரைக்கண்ணு துலாவின் நுனியில் ஒற்றை ஆளாக ஆகாயத்தில் நின்றுகொண்டு காத்திருந்தார். அவர் அசையவில்லை.

"தோத்திரமே… தோத்திரம்."

சால் மேலே வந்தது. கவிழ்த்தான். தண்ணீர் வாய்க்காலில் சலசலத்துக்கொண்டு ஓடியது. பிலவேந்திரன் டங் என்கிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். மண்வெட்டி கல்லில் படுகிற சத்தம் எவ்வளவு நேரமாகியும் வரவில்லை. மடை திறக்கவில்லையோ, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து கோலை விடப்போனான்.

அந்தப் பயிர் முழுசாகப் பிழைத்தது என்று சொன்னால் பொய். மேட்டுப் பாத்திகள் போனது போனதுதான். பள்ளத்துப் பாத்திகள் நாலைந்து தண்ணீருக்குப் பிறகு நிமிர்ந்து கதிர் விட்டன. துரைக்கண்ணு வயலில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேறியது. இரண்டு வீட்டிலும் அந்த வருஷம் கூழ் தண்ணியாகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது. பாஸ்கு அன்று கோயிலில் பிலவேந்திரன் வாய்விட்டுப் பாடினான் என்றும், பாதியில் நிறுத்திக்கொண்டான் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். மகளை நினைத்து அவன் அழாத பங்குனி அதற்குப் பிறகு வந்ததில்லை. ஏற்றம் நின்றதும் இல்லை.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று சாயங்காலம், அவன் கோலை விடப்போன நேரத்தில், பாறைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. பழக்கமில்லாத குரல், அழுது அழுது கரகரத்துப் போனது. கோட்டை மதில் வரைக்கும் போகிற பலமெல்லாம் அதற்கு இல்லை. கிணற்று மேடு வரைக்கும் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

"தோத்திரம்" என்றாள் ராயம்மாள்.

பிலவேந்திரன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். துரைக்கண்ணு மேலே காத்திருந்தார்.

"ரெண்டு" என்று எடுத்தான்.